நீல வண்ணமும் அதைப் பூசும் கைகளும்

ஏப்ரல் 14 நெருங்கும்போது, ஆத்தூர், கெங்கவல்லி ஆகிய இரு தனித் தொகுதிகளின் ஊர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, அம்பேத்கர் சிலைகளுக்கு வண்ணம் பூசும் பணி தொடங்கிவிடும். பணியாற்றுவோர் பெரும்பாலும் நம் குடியிருப்பு இளைஞர்களே. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, எனாமலில் தின்னர் கலந்து பூசி, கடைசியில் மண்ணெண்ணெயில் கைகழுவுவது வழக்கம். விழாக் கணக்கில் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடமுண்டு, கையுறைக்கு இல்லை. நஞ்சான வேலைகளைத் தலித் உடல்கள்மீது சுமத்திய சாதியை எதிர்க்கும் நாம், நம் விழாவிலேயே இதைக் கவனியாதிருக்கிறோம்.

முதல் ஆபத்து பழைய பூச்சில் உள்ளது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், குறிப்பாக மஞ்சளிலும் செம்மஞ்சளிலும், ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் அத்தூள் காற்றிலும், பிள்ளைகள் விளையாடும் மண்ணிலும் கலக்கும். ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே தாக்குகிறது. ஆகவே நீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததைத் திரட்டி அகற்ற வேண்டும். சிறுவர்களை உதவிக்கு அழைக்கலாகாது.

அந்த விதி தொழிற்சாலை வண்ணங்களுக்குப் பொருந்தாது. விலை குறைவென்று அவற்றை வாங்காமல், டப்பாவில் ஈய அளவு அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குவோம். சிலையைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டுக்கு (கூண்டு ஏன் வந்தது என்பது தனிக்கதை) அடிப்பூச்சு வாங்கும்போதும் கவனம் தேவை. ரெட் ஆக்சைடு பிரைமர் சிலவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் துத்தநாகக் குரோமேட் கலந்திருக்கும். துத்தநாகப் பாஸ்பேட் கலந்தது மேலானது.

தின்னரில் பெரும்பாலும் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலி, மயக்கம் அவற்றின் தொடக்க அறிகுறிகள். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். துணி முகக்கவசம் தூசியைச் சற்றுத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

சுவரெழுத்துக்குத் தின்னரே தேவையில்லை. நீரில் கரையும் வெளிப்புற எமல்ஷன் போதும். சுண்ணாம்பில் அல்ட்ராமரின் நீலப்பொடி கலந்தாலும் நிறம் நிற்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனாமல் ஒட்டிய கையைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பின்பு சோப்பிட்டுக் கழுவினால் போதும். மண்ணெண்ணெய் தோலின் எண்ணெய்ப்பசையை நீக்கிப் புண்ணாக்கும். கழிவைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கலாம்.