ஒரே சாலை, இரு விலை

சாந்தோம் பேராலய வாயிலில் அண்மையில் கண்ட நிகழ்ச்சி இது. பிரெஞ்சு நாட்டு முதியவர் ஒருவர் லஸ் முனைக்குச் செல்ல ஆட்டோவை அழைத்தார். நம்மிடம் 60 ரூபாய் வாங்கும் ஓட்டுநர் அவரிடம் 300 கேட்டார். "இது நியாயமா, தம்பி?" என்றேன். "மாமல்லபுரத்தில் அரசாங்கமே இப்படித்தானே வாங்குகிறது, சாமி!" என்றார்.

உண்மைதான். மாமல்லபுரச் சின்னங்களைக் காண இந்தியருக்கு 40 ரூபாய், அயல்நாட்டவருக்கு 600 ரூபாய் என்று 2018இல் இந்தியத் தொல்லியல் துறை நிர்ணயித்தது. சார்க் நாட்டவருக்கும் 40 ரூபாயே. எனவே இலங்கைத் தமிழர் 40 தந்து நுழைய, சுற்றுலா விசாவில் வரும் மலேசியத் தமிழர் 600 தர நேருகிறது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அச்சின்னங்கள் நம் வரிப்பணத்தால் காக்கப்படுகின்றன. ஏழைக் குடும்பமும் அவற்றைக் காண வேண்டுமென்றே சலுகை தரப்படுகிறது. அக்கட்டணம் எல்லாரும் அறிய அறிவிக்கப்பட்டு, சீட்டுக் கொடுத்துப் பெறப்படுகிறது. ஆட்டோவிலோ, முகத்தின் நிறமே விலையை முடிவு செய்கிறது. விருந்தினரின் அறியாமையே வாணிபத்திற்கு முதலாகிறது.

2013இல் வகுக்கப்பட்ட மீட்டர் கட்டணம் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாததால் ஓட்டுநர்கள் படும் துயரை நாம் அறிவோம். ஆனால் அதை ஈடுசெய்ய வேண்டியவர் வழியறியா அயலார்தானா?

"100 வாங்கிக்கொள், நாளை என்னிடமும் அதையே கேள்" என்றேன். சிரித்தவாறே முதியவரை ஏற்றிச் சென்றார்.

மறுநாள் நான் 100 கொடுத்தேன். வாசகரே, நாம் தர மறுக்கும் நியாயமான கூலிதான் அந்நியர் தலையில் சுமையாய் இறங்குகிறது என்பதை மறவாதிருப்போம்.