உப்பு பூத்த வயலைத் திருத்துவது எப்படி?

(வானொலி உரையின் சுருக்கம்)



வயலில் உப்பு பூத்துப் போச்சு, நட்ட நெல் திட்டுத் திட்டாகக் கருகுது, என்ன செய்யலாம் என்று கேட்காத ஊர் இல்லை. 'தண்ணியைக் கட்டி வடிச்சு விடு, சரியாயிடும்' என்பார் ஒருவர். 'ஜிப்சம் போடு' என்பார் இன்னொருவர். இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் எந்த நிலத்துக்கு எது என்று தெரியாமல் செய்தால் இருக்கிற நிலமும் கெட்டுப் போகும். இது நானே பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி.

எங்கள் நிலத்தில் ஒன்றரை ஏக்கர், போர் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து உப்பேறிக் கிடந்தது. கோடையில் பார்த்தால் சுண்ணாம்பு தூவினாற்போல் இருக்கும். மழைக் காலத்தில் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்தேன். வெள்ளை போய்விட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த போகத்தில் மண் கறுத்துப் போய், காய்ந்தால் பாறை, நனைந்தால் குழம்பு என்று ஆகிவிட்டது. தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. முன்பு அரைகுறையாக விளைந்த நிலம், அந்தப் போகம் விதைநெல்லைக்கூடத் திருப்பித் தரவில்லை.

ஏன் அப்படி ஆச்சு? உப்பு நிலத்தில் இரண்டு ஜாதி உண்டுங்க. ஒன்று உவர். மண்ணில் கரையக்கூடிய உப்பு மிகுந்து, வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். மண்ணின் கட்டுமானம் கெட்டிருக்காது. இன்னொன்று களர். இதில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு, துகள்களைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த துகள்கள் மண்ணின் சந்துகளை அடைத்துக்கொள்ளும். காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க மண் எடுத்தார்களே, அது இந்தச் சோடா கலந்த மண்தான். இரண்டு குணமும் சேர்ந்த நிலமும் உண்டு. என்னுடையது அந்த ரகம். உப்பைக் கழுவி விட்டேன், சோடியம் உள்ளேயே தங்கிவிட்டது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் பிடித்து, காய்ந்த மண் கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள். ஆட்டக் கூடாது. மறுநாள் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கி, தெளியாமலே நின்றால் களர்க் குணம் இருக்கிறது. தெளிந்திருந்தால் பெரும்பாலும் உவர் மட்டும்தான். என் நிலம் மாதிரி இரண்டும் கலந்தது என்றால் உப்பு மிகுதியால் முதலில் தெளிந்து காட்டி ஏமாற்றும். அதனால் மண் ஆய்வு நிலையத்துக்கும் மாதிரி அனுப்பத்தான் வேணும். மேலே பூத்த வெள்ளையை மட்டும் சுரண்டி அனுப்பாதீங்க. வயலில் பல இடங்களில் அரை அடி ஆழம் வெட்டி எடுத்துக் கலந்து அனுப்புங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் என்று வந்தால் களர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உவருக்கு நம் பாட்டன்மார் செய்ததே போதும். வரப்பை உயர்த்தி, வயலைச் சமன் செய்து, மழைத்தண்ணீரைத் தேக்கி, இரண்டொரு நாள் விட்டு வடித்தார்கள். இப்படிப் பல தடவை. இங்கே முக்கியம் தண்ணீர் அல்ல, வடிகால். வடிய வழி இல்லாத வயலில் எத்தனை தடவை தண்ணீர் கட்டினாலும் உப்பு அங்கேயேதான் கிடக்கும். வெயிலில் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மறுபடி மேலே ஏறி வந்துவிடும். அதனால்தான் கோடையில் உழுது போட்டார்கள். உழுதால் அந்தத் திரி அறுந்துபோகும்.

கேரளத்துக் கடலோரப் பொக்காளி நிலங்களில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். கோடையில் மண்ணைச் சிறு சிறு மேடுகளாகக் குவித்து வைத்தால், முதல் மழை மேட்டிலிருந்த உப்பைக் கழுவி இறக்கிவிடும். பிறகு அந்த மேட்டின் மேலேயே முளைகட்டிய விதையைப் போடுகிறார்கள்.

நம் நாகப்பட்டினம் பக்கம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து வயலெல்லாம் கடல்நீர் புகுந்தது. இனி இந்த நிலம் எத்தனையோ வருஷத்துக்கு ஆகாது என்று பயந்தவர்கள் பலர். கடல் கொண்டுவந்த சேற்றை வழித்து எடுத்து, வாய்க்காலைத் தூர்வாரி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-இல் பெய்த வடகிழக்குப் பருவமழையும் கை கொடுத்தது. பல வயல்கள் பயந்ததைவிடச் சீக்கிரமே மறுபடி நெல்லுக்கு வந்தன.

களருக்கு வருவோம். இங்கே முதலில் சோடியத்தைத் துகளிலிருந்து பிரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கால்சியம். ஜிப்சத்தில் அது இருக்கிறது. மண் ஆய்வு சொல்லும் தேவையில் பாதி அளவு போட்டாலே நெல்லுக்குப் போதும் என்பது சிபாரிசு. ஆழமாக உழுது புதைக்க வேண்டாம். மேலாகத் தூவிக் கலந்து, நாலு அங்குலத் தண்ணீர் கட்டி, பிறகு வடியுங்கள். பிரிந்த சோடியம் தண்ணீரோடு வெளியே போகும்.

அப்படியானால் ஜிப்சம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? வேம்பு, புங்கன், ஆவாரை, எருக்கு என்று தழையை வண்டி வண்டியாக வயலில் மிதித்தார்கள். ஆட்டுக்கிடை போட்டார்கள். தழை அழுகும்போது வரும் கரியமில வாயுவும் அமிலமும் மண்ணிலேயே இருக்கும் சுக்கான் கல்லைக் கரைக்கும். அதிலிருந்து கால்சியம் கிடைக்கும். காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள் பாருங்க! ஆனால் இது நிதானமான வைத்தியம். பல வருஷம் பிடிக்கும். ஜிப்சம் போட்டு வடித்த கையோடு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில், பூ எடுக்கும் முன்பே மடக்கி உழுதால் இரண்டு வைத்தியமும் ஒன்றாக நடக்கும். தக்கைப்பூண்டு களரையும் தாங்கும், தேங்கின தண்ணீரையும் தாங்கும்.

முதல் வருஷம் நெல்தான் போடுங்கள். உளுந்து, பயறு உப்பைத் தாங்காது. திருச்சி 1, திருச்சி 3, கோ 43 தாங்கும் ரகங்கள். பழைய ரகத்தில் குழியடிச்சான், களர்ப்பாளை உண்டு. நாற்று கொஞ்சம் வயதானதாக இருக்கட்டும். குத்துக்கு ஒரு நாற்று கூடுதலாக வையுங்கள், சாவு போக மிஞ்சும்.

குளத்து வண்டல் அடிப்பவர்கள் அந்த வண்டலையும் சோதிக்காமல் அடிக்க வேண்டாம். மண் மாதிரி கொண்டுபோகும்போது உங்கள் போர் தண்ணீரையும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போங்கள். என் நிலத்தைக் கெடுத்தது அதுதான். அதைப் பார்க்காமல் ஜிப்சம் மட்டும் போட்டிருந்தால் மறுபடியும் அதே கதையாகியிருக்கும்.