கரும்புள்ளியின் பொருள்



கொத்மலையில் 1989 ஆம் ஆண்டிலே சமூக வானொலி தொடங்கப்பெற்றதை அறிவீர்கள். பண்பலை ஒலிபரப்பின் அலைகள் மலையை வளைந்து வருதல் அரிது. ஆதலின் மேட்டின் மறைவிலுள்ள லயன்களில் ஒலி மெலிந்தே கேட்கும். அடைமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கைக்குக் காத்திருப்போருக்கு அது சிறு குறை அன்று.

எம் மாணவர் சிலர் வரைபடமொன்றைப் பார்த்து ஏரியல் கட்டினர். கட்டியும் இரைச்சலே மிகுந்தது. வரைபடத்திலிருந்த இரு கரும்புள்ளிகளை அவர்கள் அச்சு மையின் கறையெனக் கருதிவிட்டனர். கலைப் பட்டதாரியாகிய யானும் அவ்வாறே கருதினேன்.

நிலைமாற்றியை எதிரெதிராக நிற்கும் இரு சுருள்களாக வரைவர். இடையே கோடு இல்லையேல் அகணி காற்றே என்க. முழுக் கோடுகள் இரும்புத் தகடுகளையும், விட்டுவிட்டு வரும் கோடுகள் இரும்புத் தூளையோ பெரைற்றையோ குறிக்கும். வானொலி மீடிறன்களுக்குப் பின்னவையே பெரிதும் ஏற்றவை. எல்லா நூலாரும் இம்முறையைப் பிறழாது கைக்கொள்வதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஏரியலையும் வடத்தையும் இணைக்கும் நிலைமாற்றிக்குப் 'பாலன்' என்று பெயர். வகுப்பிலே அப்பெயருடைய மாணவன் இருந்தால் சிரிப்பு எழும். 'பாலன்ஸ்ட்', 'அன்பாலன்ஸ்ட்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகள் சேர்ந்ததே அது. மடித்த ஏரியலின் இரு கைகளும் புவியைப் பொறுத்துச் சமமானவை. அதன் மின்மறிப்பு ஏறத்தாழ 300 ஓம். ஓரச்சு வடத்தின் வெளிவலையோ புவியோடு தொடுக்கப்படுவது. மறிப்பு 75 ஓம். மறிப்பு, சுற்று விகிதத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். எனவே நான்கு மடங்கு மறிப்புக்கு இரு மடங்கு சுற்றுகளே போதும். சம சுற்றுடைய இரு சுருள்களைத் தொடராக்கி, நடுச் சந்தியைப் புவியோடு சேர்ப்பர். வடத்துக்கு ஒரு சுருள், ஏரியலுக்கு இரண்டும்.

இனிப் புள்ளிக்கு வருவோம். ஒரே கணத்தில் ஒரே குறியுடைய அழுத்தம் பெறும் முனைகளையே அது காட்டுகின்றது. முதற் சுருளின் புள்ளியற்ற முனையோடு மற்றதன் புள்ளியுள்ள முனையைச் சேர்த்தால், ஒரு கை நேராகும்போது மறு கை எதிராகும். இடையிலுள்ள வேறுபாடு இரு மடங்கு. புள்ளியற்ற முனைகள் இரண்டையும் சேர்த்தாலோ இரு கைகளும் ஒருங்கே உயர்ந்து ஒருங்கே தாழும், வேறுபாடு பூச்சியம். அலையை ஏற்கும்போதும் இவ்வாறே ஒரு சுருள் மற்றதன் பயனை அழித்துவிடும்.

மாணவர் ஒரு சுருளின் முனைகளை மட்டும் மாற்றி மீளப் பற்றாசு வைத்தனர். அன்று மாலைச் செய்தி அறிக்கை மேட்டைக் கடந்து தெளிவாகக் கேட்டது.