சீவப்பட்ட கடலடி மலைகள்

கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலுக்குள் ஒரு வரப்பு கிடக்கிறது. அதன் தாழ்ந்த இடம் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வடக்கே குளிர்ந்து கனத்த நீரில் கணிசமான பங்கு அதைத் தாண்டித்தான் அட்லாண்டிக்கின் அடிக்கு இறங்குகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றும் பெருநீரோட்டத்தைக் காற்று ஓயாமல் தள்ளியும் அது கட்டுமீறி வேகம் பிடிக்காததற்குக் காரணம், கடலடி முகடுகள் எதிர்த்து நிற்பதே என்று ஆய்வாளர்கள் மங்க், பால்மென் இருவரும் 1951-லேயே சொன்னார்கள். ஆகவே, கணினியில் கடலை ஓடவிடும்போது கணக்கு வசதிக்காக மேடுபள்ளங்களை மழுக்கினால், நமக்குக் கிடைப்பது வேறொரு கடல். ஆனாலும் வெகுகாலம் அப்படித்தான் மழுக்கினார்கள்.

அதற்கு வலுவான காரணம் இருந்தது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் நீளமான மேற்பரப்பு அலை நொடிக்குச் சுமார் 200 மீட்டர் பாயும். 10 கி.மீ. கட்டங்களாகக் கடலைப் பிரித்தால், அலை ஒரு கட்டத்தைக் கடக்க 50 நொடி. கணக்கின் காலப்படி அதைவிட நீண்டால் விடை சிதறும். 100 ஆண்டுக் கடலுக்கு ஆறு கோடிப் படிகளுக்கு மேல் வேண்டும். பிரின்ஸ்டனில் கிர்க் பிரையன் 1969-இல் வெளியிட்ட முறை, கடலுக்கு அசையாத மூடி போட்டு அந்த அலையையே ஒழித்தது. ஆனால் மொத்த ஓட்டத்துக்கான சமன்பாட்டில் ஆழம் வகுக்கும் எண்ணாக வந்து உட்கார்ந்தது. தரை 4,000 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு ஏறும் சரிவில் அந்த மதிப்பு 40 மடங்கு எகிறும். ஒவ்வொரு தீவையும் சுற்றித் தனிக் கூட்டல் வேறு. எனவே சரிவுகளைச் சீவினார்கள், சிறு தீவுகளை மூழ்கடித்தார்கள்.

1990-களின் தொடக்கத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஸ்மித், டுகோவிச், மலோன் மூவரும் தேடும் கணியத்தையே மாற்றினார்கள். ஓட்டத்துக்குப் பதில் மேற்பரப்பு அழுத்தம். இப்போது ஆழம் பெருக்கும் எண். ஆழம் குறைந்த இடத்தின் பங்கு தானாகவே சுருங்கிவிடும், தீவுகளுக்குத் தனிச் செலவும் இல்லை. பிறகு மூடியையும் எடுத்துவிட்டு, அடுத்த படியின் அழுத்தத்தைக் கொண்டே அலையைக் கணக்கிட்டார்கள். திரும்பத் திரும்பத் திருத்திக் காணும் விடையும் சீக்கிரம் குவிந்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது, வேகமும் உண்மையும் ஒரே மாற்றத்தில் கிடைத்ததுதான்.

பெரிய கணினி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினாலே வேலை எட்டு மடங்காகும்; வெறும் வலிமை எவ்வளவு தூரம் ஓடிப் பிடிக்கும்? இம்முறை வேக அலைகளை மழுக்குகிறதே என்பது நியாயமான ஆட்சேபம். சுனாமிக்கு இது உதவாதுதான். நூற்றாண்டுக் கணக்கில் வெப்பம் நகர்வதை அறிய அந்த அலை தேவைப்படாது. கடினமான ஆட்சேபம் வேறு. சீவாத சரிவு, கட்டங்களில் மாடிப்படியாகிறது. வரப்பைத் தாண்டும் கனத்த நீர் ஒவ்வொரு படியிலும் சுற்றுநீரோடு அளவுமீறிக் கலக்கிறது. அடிக்கட்டங்களைத் தரைக்கேற்ப வெட்டும் வழியை அட்கிராஃப்ட், ஹில், மார்ஷல் 1997-இல் தந்தார்கள். தரையின் வடிவம் திருந்தியது. கலப்பு இன்னும் அடங்கவில்லை.