வெளியீட்டு மின்மாற்றி அளவீடு

வெளியீட்டு மின்மாற்றி என்பது வெற்றிடக் குழல் பெருக்கியின் இறுதிக் கட்டத்தை ஒலிபெருக்கியுடன் இணைக்கும் மின்மாற்றி ஆகும். குழல்களுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை தேவைப்படுகிறது. ஒலிபெருக்கியின் மின்மறுப்போ பொதுவாக 4 முதல் 16 ஓம் வரை மட்டுமே. இவ்விரண்டையும் பொருத்துவதே இதன் பணி.

சுற்று விகிதம்

முதன்மைச் சுருளுக்கு 10 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கும்போது துணைச் சுருளில் 0.4 வோல்ட் கிடைத்தால், சுற்று விகிதம் 25. மின்மறுப்பு விகிதம் அதன் வர்க்கம், அதாவது 625. எனவே 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் குழலுக்கு 5000 ஓம் சுமை கிடைக்கும். மல்டிமீட்டரில் தெரியும் சில நூறு ஓம், செப்புக் கம்பியின் மின்தடையே; அது மின்மறுப்பு அன்று. சோதனை மின்னழுத்தத்தைத் தவறுதலாகத் துணைச் சுருளுக்குக் கொடுத்தல் ஆபத்தானது: அங்கு 10 வோல்ட் கொடுத்தால் மறுபுறம் 250 வோல்ட் தோன்றும்.

தூண்டல்கள்

துணைச் சுருளைத் திறந்த நிலையில் வைத்து அளந்தால் முதன்மைத் தூண்டல் கிடைக்கும். அதன் முனைகளைக் குறுக்கிணைத்து அளந்தால் கசிவுத் தூண்டல் கிடைக்கும். முன்னது குறைந்தால் தாழ்ந்த ஒலிகள் வலுவிழக்கும். பின்னது மிகுந்தால் உயர்ந்த ஒலிகள் தேயும். சுருள்களைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றிச் சுற்றினால் கசிவு குறையும்; ஆனால் சுருள்களுக்கிடையே மின்தேக்கம் கூடும்.

1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியான வில்லியம்சன் பெருக்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் மின்மாற்றிக்கு முதன்மைத் தூண்டல் குறைந்தது 100 ஹென்றி, கசிவுத் தூண்டல் அதிக அளவாக 30 மில்லிஹென்றி என வரையறுக்கப்பட்டது. அதன் 20 டெசிபெல் எதிர்ப் பின்னூட்டம் மின்மாற்றியையும் உள்ளடக்கியது. எனவே தரம் குறைந்த மின்மாற்றியைப் பொருத்தினால் பெருக்கி தானாகவே அலைவுறக்கூடும்.

ஒப்பிடும் முறை

இரு மின்மாற்றிகளை ஒப்பிடும்போது மூலத்தின் மின்தடை, சுமை, சமிக்ஞை அளவு ஆகியவை ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒற்றைக் குழல் பெருக்கிக்கான மின்மாற்றியில் நேர்மின்னோட்டமும் பாய்வதால், அம்மின்னோட்டத்துடனேயே அளத்தல் வேண்டும். குறைந்த திறனில் மட்டும் அளந்து முடிவு செய்தலும் தவறு. அதே மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் உள்ளகத்தின் காந்தப்பாயம் இருமடங்காகும். ஆகவே 40 ஹெர்ட்சில் 20 வாட் தாங்கும் உள்ளகம், 20 ஹெர்ட்சில் ஏறத்தாழ 5 வாட்டிலேயே தெவிட்டிவிடும். எடை கூடிய மின்மாற்றிகள் தாழ்ந்த ஒலியில் சிறந்து விளங்கக் காரணம் இதுவே.

பாதுகாப்பு

இயங்கும் பெருக்கியில் பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் உண்டு. அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். சுமை இணைக்காமல் பெருக்கியை இயக்கினால் மின்மாற்றியின் காப்புறை சிதையக்கூடும்.