மேசை எந்தப் பக்கம் நகரும்?

துணுக்காயிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியில் வடக்கே திரும்பினால், முறிகண்டி தாண்டி அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான் இருக்கின்றன. எந்தப் பயிற்சிக்கூடத்திலும், கணினி நிரல்படி ஓடும் சி.என்.சி. மெசினில் கைவைக்கும் நேரம் பங்குபோட்டுத்தான் கிடைக்கும். நிரலில் ஓர் எண் பிசகினாலே வெட்டுக்கருவி, வேலைத்துண்டைப் பிடித்திருக்கும் வைஸில் போய் மோதக்கூடும். அதனால்தான் முதலில் கணினிக்குள் ஒரு மெசினைக் கட்டிப் பார்க்கிறார்கள். லினக்ஸ்-சி.என்.சி. என்ற இலவச மென்பொருள், மெசின் ஏதும் இணைக்காமலே உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) முறையில் ஓடும். துணுக்காயில் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

பலர் கருவி நுனி போகும் கோட்டைத் திரையில் பார்த்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அது போதாது. நுனி சரியான வழியில் போகும்போதே கருவிபிடி வைஸில் இடிக்கலாம். ஆகவே அடித்தளம், சேணம், மேசை, ஸ்பிண்டில் தலை, கருவிபிடி, வைஸ் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைந்து, எது எதன்மேல் நகர்கிறது என்று கணினிக்குச் சொல்லவேண்டும். சாதாரண நிலைக்குத்து மில்லிங் மெசினில் சேணம் ஒய் திசையில் போகும். அதன்மேல் மேசை எக்ஸ் திசையில் போகும். தோளை அசைத்தால் முழங்கையும் கூடவே வருகிற கணக்குத்தான்.

புதிதாய்ச் செய்கிறவர்கள் இடறுவது திசையில். நிரலில் எழுதுவது, வேலைத்துண்டைப் பொறுத்துக் கருவி எங்கே போகிறது என்பதை. கருவி வலப்பக்கம் போகவேண்டுமென்றால் மேசை இடப்பக்கம் நகரவேண்டும். கணினி மாதிரியில் இந்தத் திசைக்குறியைத் தலைகீழாகப் போட்டால் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியும், மோதலை மட்டும் தவறான பக்கத்தில் காட்டும்.

இன்னும் நுட்பமானது ஜி00 என்ற வேக நகர்வு. அது நேர்கோட்டில் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல மெசின்களில் ஒவ்வோர் அச்சும் தன் உச்ச வேகத்தில் தனித்தனியே ஓடும். எக்ஸில் 200 மில்லிமீற்றர், ஒய்யில் 50 மில்லிமீற்றர் போகச் சொன்னால், இரண்டின் வேகமும் சமமானால், இரண்டு அச்சிலும் முதல் 50 மில்லிமீற்றரைச் சாய்வாகக் கடந்து மீதி 150ஐ எக்ஸில் மட்டும் ஓடும். பாதை நாய்க்கால்போல் மடியும். அந்த மடிப்பில் ஒரு கிளாம்ப் நின்றால் முடிந்தது கதை. ஃபனக் கட்டுப்பாட்டில் இதை நேர்கோடாக மாற்ற ஒரு பராமீற்றரே உண்டு; உண்மை மெசினில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே மாதிரியிலும் வைக்கவேண்டும். என் கணக்கில், அழகான முப்பரிமாணப் படத்தைவிட இந்த ஒரு தகவல் பெறுமதியானது.

கருவி வளைவதையும் அதிர்வையும் இந்த வகை மாதிரி காட்டாது. கருவி நீளத்தை மெசினில் தவறாகப் பதிந்தால் அதுவும் மாதிரிக்குத் தெரியவராது. அதனால்தான் திரையில் தேறிய நிரலையும், முதல் தடவை வேக நகர்வை 25 சதவீதத்துக்குக் குறைத்து, வரிவரியாக, நிறுத்தும் பொத்தானில் கைவைத்தபடியே ஓட்டுவார்கள்.