மழைநீர்: வடிப்பதா, வாழவைப்பதா?

மழை வேண்டி இறைவனிடம் கையேந்துவோரும் நாமே. மழை பெய்ததும் அது எப்போது வடியும் என ஏங்குவோரும் நாமே. இம்முரண்பாட்டைச் சென்னை மாநகரில் தெளிவாகக் காணலாம். 2015 டிசம்பரில் பெருவெள்ளத்தில் மூழ்கிய இந்நகரம், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களுடன் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை எனத் தோன்றினும், நகர்ப்புறங்களில் அவ்விரண்டையும் பெருக்குவது ஒரே பிழையாகும். மழைநீரைக் கழிவெனக் கருதி விரைந்து வெளியேற்ற முற்படுவதே அப்பிழை.

நீர் தங்க இடமெங்கே?

மண்தரையில் விழும் மழையில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கும், ஒரு பகுதியை மரஞ்செடிகள் பருகும், எஞ்சியதே ஓடும். அத்தரையைச் சிமெண்டாலும் தாராலும் மூடிவிட்டால், ஏறத்தாழ முழுநீரும் ஒரே நேரத்தில் வடிகாலை நோக்கிப் பாய்கிறது. சென்னையோ மட்டமான நிலம். கடல் பொங்கும் வேளையில் கூவம், அடையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களில் வெள்ளம் தயங்கி நிற்கும். ஆதலின் வடிகாலை அகலப்படுத்துவது மட்டும் தீர்வாகாது.

நம் முன்னோர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரியைச் சேரும். இத்தொடரை நாம் அறுத்தோம். மாம்பலம் ஏரி இருந்த பகுதியில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பகுதியில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கு இரையாயிற்று. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டமை ஆறுதல் தருகிறது.

செய்யத்தக்கன

முதலாவது, விழுந்த இடத்திலேயே நீரைச் சேமித்தல். தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கை வெளியேற்றிவிட்டு, எஞ்சியதை மணலும் ஜல்லியும் இட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றில் விடலாம். கடலோர மணற்பாங்கில் நீர் எளிதில் இறங்கும். உவர்நீர் உட்புகுவதையும் தடுக்கும். களிமண் பகுதியில் களியடுக்கைக் கடந்து துளையிட வேண்டும். ஆண்டுதோறும் தூர்வாராத தொட்டி பெயரளவிலேயே நிற்கும்.

இரண்டாவது, ஓடும் நீரின் விரைவைத் தணித்தல். சாலையோர மரங்களின் அடியைச் சிமெண்டால் மூடாமல் பள்ளமாக விடுதல், நடைபாதையில் இடைவெளி விட்டுக் கல் பதித்தல், பூங்காக்களைச் சற்றுத் தாழ்வாக அமைத்தல் ஆகியன இதற்கு உதவும்.

மூன்றாவது, குளங்களையும் வரத்துக் கால்வாய்களையும் மீட்டல். மழைநீர் வடிகாலில் சாக்கடை கலப்பின் குளமும் நிலத்தடி நீரும் நஞ்சாகும். அதனைத் தடுத்தல் இன்றியமையாதது.

நம் கடமை

ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. பள்ளிவாசலில் ஒளூச் செய்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம். பள்ளியின் கூரைநீரைக் கிணற்றில் சேர்க்கலாம். ஜமாஅத்துப் பெரியோர் முன்னின்றால் தெருவே பின்தொடரும். நம் மாணவர்கள் கல்லூரி வளாகத்தின் கூரைப்பரப்பை அளந்து, வீணாகும் நீரைக் கணக்கிட்டு, நிருவாகத்தின் முன் வைக்கட்டும்.

வானம் தரும் நீர் அமானிதம். அதனைக் கடலுக்கு விரட்டிவிட்டு மீண்டும் கையேந்துவது முறையாகுமா? சிந்திப்போம், செயற்படுவோம்.